கடலுக்கடியில் போக ஆசைப்பட்டது

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முன்பு ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வைப்பார்கள். அந்த ஆண்டு புதுக்கோட்டையில் வைத்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் கண் சொருகிக்கொண்டிருந்த நேரத்தில், பேச வந்திருந்தவர் ஒவ்வொருவராக எழுப்பி, "ஒங்க வாழ்நாள் லட்சியம் என்ன? ஒரே வரியில சொல்லுங்க" என்றார். வீடு கட்டணும், மகனை டாக்டருக்குப் படிக்க வைக்கணும், காசிக்குப் போகணும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தபோது, "ஸ்கூபா டைவிங் போகணும்" என்றேன்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர், "மொதல்ல நீச்சல் தெரியுமா டீச்சர்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கொரோனா காலத்தில் போனில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது தொடங்கிய ஆசை அது. பாடம் முடிந்ததும் போனை வைக்க மனம் வராமல் ஏதாவது பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு நாள், முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் கடலுக்குள் இறங்கும் வீடியோ வந்தது. மீன்களையோ பவளத்தையோ நான் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. அந்த வீடியோவில் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. இழுப்பதும் விடுவதும், விடும்போது குமிழிகள் மேலே போவதும். இருபது வருடத்துக்கு மேலாகச் சமூக அறிவியல் நடத்தித் தொண்டை கட்டிப்போனவள் நான். வகுப்பில் கத்தி, வீட்டுக்கு வந்து பேசி, திரும்பக் காலையில் கத்தி. யாரும் யாரோடும் பேச முடியாத ஓர் இடம் இருக்கிறது என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. ஒரு தடவையாவது அங்கே போய் இருந்துவிட்டு வர வேண்டும் என்று தோன்றியது. மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு அந்த நினைப்பு இன்னும் கூடியது.

எங்களுக்கு அன்னவாசல். சுற்றிலும் பாறையும் செம்மண்ணும். மழை பெய்தால் கண்மாயில் தண்ணீர், இல்லாவிட்டால் கருவேலம். பையன்கள் கிணற்றிலும் கண்மாயிலும் குதித்து நீந்தப் பழகிக்கொள்வார்கள். பெண்பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கம் விடமாட்டார்கள். எனக்குக் கூடுதலாக ஒரு காரணமும் இருந்தது. சின்ன வயதில் இடது காதில் ஓயாமல் சீழ் வரும். அம்மா பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றிப் பஞ்சை அடைத்துவிடுவாள். தலைக்குக் குளிப்பதே பயந்து பயந்துதான். பெரியவளானதும் அது தானாக நின்றுபோனது. நானும் மறந்துபோனேன்.

என் கணவர் அன்னவாசலில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். அவராக எதையும் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. சட்டை எடுக்கப் போனாலும், "நீயே எடு, எதா இருந்தா என்ன" என்பார். பயிற்சியில் நடந்ததைச் சொன்னபோது சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

"நெசமாவே போவணுமா ஒனக்கு?"

"ஆமாங்க."

"அப்ப மொதல்ல நீஞ்சக் கத்துக்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் புதுக்கோட்டையில் இருக்கும் நீச்சல் குளத்துக்கு அவருடைய பைக்கில் போனோம். பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பிள்ளைகளோடு பலகையைப் பிடித்துக்கொண்டு நானும் காலை உதைத்தேன். முழுக்கை நைலான் உடுப்பில் என் உடம்பை நானே பார்க்கக் கூசியது. பள்ளியில் செய்தி பரவி, தலைமையாசிரியை ஒரு நாள், "டீச்சர், நம்ம வயசுக்கு வாக்கிங் போதாதா?" என்று கேட்டார். மழைக்காலம் முடிவதற்குள் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நிற்காமல் போகப் பழகிவிட்டேன்.

எங்கள் மாவட்டத்துக்கும் கடல் இருக்கிறது. மணமேல்குடிக்குப் போனால் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போயிருக்கிறேன். அலையே இல்லாமல் கண்மாய் மாதிரிக் கிடக்கும், வெகுதூரம் போனாலும் முழங்கால் தண்ணீரும் சேறும்தான். அதில் டைவிங் நடக்காது. புதுச்சேரியில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தனியாக அனுப்ப என் கணவருக்கு மனமில்லை. கூட வருகிறவர் கரையில் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று அவரையும் சேர்த்துவிட்டேன். அவர் கிணற்றில் குதித்து வளர்ந்தவர். தண்ணீர் அவருக்குப் புதிதில்லை.

புதுச்சேரியில் முதல் நாள் பயிற்சிக் குளத்தில். பயிற்சியாளர் முப்பது வயதுக்காரர், பொறுமையானவர். வாயால் மூச்சு விடுவது, கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றுவது, கையால் சைகை காட்டுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார். அதோடு முக்கியமாக ஒன்று. கீழே போகப் போகத் தண்ணீர் காதை அழுத்தும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் காதுக்குள் 'பட்' என்று திறக்கும், வலி போய்விடும். திறக்காவிட்டால் இறங்கக் கூடாது.

"வலது காது தெறக்குது. இடதுதான் கொஞ்சம் மெதுவா இருக்கு" என்றேன்.

"பரவாயில்ல மேடம். பழகப் பழக வந்துரும்" என்றார்.

குளத்தில் ஆழம் குறைவு. சமாளித்துவிட்டேன். தண்ணீருக்கடியில் மண்டியிட்டு உட்கார்ந்து முதன்முதலாக மூச்சை இழுத்தபோது, போனில் கேட்ட அதே சத்தம் என்னிடமிருந்தே வந்தது. கண்ணாடிக்குள் அழுதேன். எதிரில் என் கணவர் கைகளைப் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு அசையாமல் மிதந்துகொண்டிருந்தார். கடையில் ஸ்டூலை விட்டு எழும்போது முட்டியைப் பிடித்துக்கொள்கிற மனிதர். பயிற்சியாளர் அவரைக் காட்டிக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து 'அருமை' என்று சைகை செய்தார்.

மறுநாள் கடலுக்குப் போனோம். படகு நின்ற இடத்தில் கயிறு ஒன்று கீழே போனது. அதைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். தலை மூழ்கிச் சற்று இறங்கியதுமே இடது காதில் ஊசி ஏற்றியது போல வலித்தது. மூக்கைப் பிடித்து ஊதினேன். திறக்கவில்லை. பயிற்சியாளர் மேலே வரச் சொன்னார். கொஞ்சம் ஏறி, ஊதி, மறுபடி இறங்கி, மறுபடி வலி. எத்தனை தடவை முயன்றேன் என்று தெரியாது. எனக்குக் கீழே என் கணவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி காத்திருந்தார். கடைசியில் பயிற்சியாளர் தலையை ஆட்டிவிட்டு என்னை மேலே கொண்டுவந்து படகில் ஏற்றினார். என் கணவரும் மேலே வந்துவிட்டார்.

"நானும் போவல" என்றார்.

"நீங்களாவது போயிட்டு வாங்க" என்றேன்.

நிஜமாகத்தான் சொன்னேன். அவர்கள் இறங்கிய பிறகு, படகு ஆடிய ஆட்டத்தில் வாந்தி எடுத்தேன். படகோட்டி எலுமிச்சம்பழத்தைக் கீறி முகரச் சொல்லிக் கொடுத்தார். தண்ணீரில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. எந்தக் குமிழி அவருடையது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மேலே வந்து கண்ணாடியைக் கழற்றியதும், "என்ன பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. ஒரே கலங்கலா இருந்துச்சு. கையே தெரியல. நீ வராததே நல்லது."

எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கரைக்கு வந்து டீ குடிக்கும்போது பயிற்சியாளர் வந்து அவர் தோளைத் தட்டினார்.

"அண்ணா, உங்களுக்குச் செம லக்கு. இவ்ளோ தெளிவா தண்ணி கெடைக்கறதே அபூர்வம். அந்த ஆமை உங்க மூஞ்சிக்கு நேரா வந்துச்சே, எத்தனையோ பேரு வருசக்கணக்குல வந்தும் பாத்ததில்ல."

அவர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும் பஸ்ஸில், விழுப்புரம் தாண்டிய பிறகு கேட்டேன்.

"ஆமை எவ்ளோ பெருசு?"

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"தொட்டீங்களா?"

"தொடக் கூடாதுன்னு சொல்லிருந்தாங்கள்ல. அது பாட்டுக்குப் பக்கத்துலயே வந்துச்சு. எங்கிட்டோ போவணும்னு அவசரமே இல்லாம." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் குரலில் அப்படி ஓர் ஈரத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மகள் பிறந்தபோதுகூட இல்லை.

திருச்சியில் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போனேன். பார்த்துவிட்டு, சின்ன வயதில் வந்த சீழால் உள்ளே வடுவாகிவிட்டது, மூக்கிலிருந்து காதுக்குப் போகும் குழாய் சரியாகத் திறப்பதில்லை என்றார். "நீச்சல் அடிங்க, பரவால்ல. ஆழத்துக்கெல்லாம் போகக் கூடாது. அத மறந்துருங்கம்மா."

மறக்க முடிந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஓராண்டு முழுக்க ஆவி பிடித்தேன். மூக்குக்கு மருந்து அடித்தேன். கொட்டாவி விட்டும் எச்சில் விழுங்கியும் காதைத் திறக்கச் சொல்லும் பயிற்சிகளைப் போனில் பார்த்துச் செய்தேன். வகுப்பில் தேர்வு நடக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதுவேன், பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒரு நாள் காலையில் இடது காதும் 'பட்' என்று திறந்தது. திறந்துவிட்டது என்றே நம்பினேன்.

அடுத்த கோடையில் தெற்கே ஒரு கடற்கரை ஊருக்குப் போனோம். புதுச்சேரிக்காரருக்கு என் காதைப் பற்றித் தெரியும் என்பதால் வேறு இடம். இறங்குவதற்கு முன்பு அங்கிருந்தவர், "காதுல ஏதாச்சும் பிரச்சனை உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பக்கத்தில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இந்தத் தடவை வலித்தபோது நான் சைகை காட்டவில்லை. வலியோடே இறங்கினேன். ஒரு நேரத்தில் காலுக்குக் கீழே மணல் தெரிந்தது. மணலில் அலை அலையாக வரி. மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட சின்ன மீன்கள் ஒரு பாறைப் பக்கம் நின்றன. மேலே வெயில் துணி மாதிரி ஆடியது. என் மூச்சும், குமிழிகளும். இதற்குத்தான் வந்தேன் என்று நினைத்தேன். வலி பொறுக்காமல் மூக்கைப் பிடித்துப் பலம் கொண்ட மட்டும் ஊதினேன்.

உள்ளே ஏதோ கிழிந்தது. காதுக்குள் சில்லென்று தண்ணீர் பாய்ந்தது. அடுத்த நொடி கடல் சுழன்றது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. மணல் பக்கவாட்டில் இருந்தது, பிறகு தலைக்கு மேலே இருந்தது. யாரோ என் சிலிண்டர்ப் பட்டையைப் பிடித்து இழுத்தார்கள். படகில் கிடத்தியபோது கண்ணைத் திறக்க முடியவில்லை, திறந்தால் வானம் சுற்றியது. என் கணவர் என் கன்னத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். துண்டில் ரத்தம்.

மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிழிந்த சவ்வைப் பிறகு அறுவை செய்து ஒட்டினார்கள். ஆனால் உள்காதில் பட்ட அடிக்கு மருந்து பலிக்கவில்லை. இடது காதில் கேட்பது போய்விட்டது. கேட்பது போனால் அமைதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மின்மாற்றிப் பக்கத்தில் நின்றால் கேட்குமே, அந்த மாதிரி ஓர் இரைச்சல் அந்தக் காதுக்குள் நிற்காமல் இருக்கிறது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "இந்த வயசுல தேவையா இதெல்லாம்?" மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து என்னை ஒன்றும் சொல்லவில்லை, அப்பாவைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கு ஆச, சரி. ஒங்களுக்குத் தெரியும்ல டாக்டர் சொன்னது? ஏம்ப்பா எறங்க விட்டீங்க?"

"ஆசப்பட்டாம்மா" என்றார் அவர். அவ்வளவுதான். நான்தான் பொய் சொன்னேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

நடந்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். அது சில மாதங்களில் சரியானது. எந்தப் பக்கம் ஹாரன் அடிக்கிறது என்று தெரியாததால் ஸ்கூட்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போகிறேன். வகுப்பில் இடது வரிசைப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி எனக்கு எட்டுவதில்லை. முதலில் சத்தமாகக் கேட்டார்கள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

புதுச்சேரிக்குப் போய் வந்த பிறகு அவரும் ஞாயிறுதோறும் நீச்சல் குளத்தில் நீந்தப் போய்க்கொண்டிருந்தார், அதை நிறுத்திவிட்டார். நான் காது சரியில்லாமல் கிடக்கும்போது எப்படிப் போவார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஓராண்டு கழிந்தும் போகவில்லை. கடையில் கூட்டமில்லாத நேரத்தில் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருப்பார், நான் போனால் அணைத்துவிடுவார். ஒரு தடவை அணைக்கும் முன்பு பார்த்துவிட்டேன். நீலமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். "நீங்க போயிட்டு வாங்க. புதுச்சேரிக்கு."

"எனக்கெதுக்கு அது? நான் ஒனக்காகத்தான வந்தேன்."

"எனக்காகத்தான் வந்தீங்க. ஆனா ஒங்களுக்குப் புடிச்சுப்போச்சு."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

"நீ ஆசப்பட்டது" என்றார். "நீ கத்துக்கிட்டது. அதுல ஒனக்கு இப்புடி ஆயிப்போச்சு. எனக்குப் புடிச்சிருக்குன்னு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுறது? அன்னைக்குக் காதப் பத்தி அவரு கேட்டப்பவே நான் சொல்லிருக்கணும். சொன்னா ஒன்ன எறக்க மாட்டாங்க. மறுபடியும் ஒன்ன விட்டுட்டு நான் மட்டும் எறங்க முடியாது. அதான் வாய மூடிக்கிட்டு நின்னேன்."

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில நொடிகள் ஆயின. எனக்காகப் பேசாமல் இருந்தார் என்றே அதுவரை நினைத்திருந்தேன். அவருக்காகவும்தான் இருந்திருக்கிறார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்த மனிதர் தனக்கென்று விரும்பியது அந்த ஒன்றுதான் என்பது மட்டும் மனதில் நின்றது.

"போயிட்டு வாங்க" என்று மறுபடியும் சொன்னேன்.

தை பிறந்து கடல் தெளிந்ததும் போனார். பையை நான்தான் எடுத்து வைத்தேன். அவர் திரும்பி வந்த அன்று என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். "சொல்லுங்க" என்றேன். அவருக்கு வர்ணிக்கத் தெரியாது. "மீனு நெறையா இருந்துச்சு. கூட்டமா வந்துச்சு. நம்மள அதுக ஒரு பொருட்டாவே நெனைக்கல. ஒரு பெரிய பாறை, அதுக்கு அங்கிட்டு இன்னும் ஆழம், அங்க போனா வெளிச்சம் வேற மாதிரி..." பேசப் பேசக் கையை அசைத்தார், முகம் இளகியது. நான் அவர் உதடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"போதும்" என்றேன்.

உடனே நிறுத்திக்கொண்டார். வேட்டியை மாற்றிக்கொண்டு கடையைத் திறக்கப் போனார். அதன் பிறகு நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் போகிறார். நான்தான் பை எடுத்து வைக்கிறேன். இப்போது தனியாக இறங்குகிற அளவுக்குத் தேர்ந்துவிட்டார் என்று மகள் சொல்லித்தான் தெரியும். அவளிடம் சொல்கிறார் போல.

இந்த ஆண்டு கிளம்பும்போது, "நீயும் வாரியா? கரையில இருக்கலாம்ல" என்று கேட்டார். சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

காலையில் அவர் படகில் போன பிறகு கரையில் ஒரு மீன்வலைக் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தேன். கடல் மேலே இருந்து பார்க்க எப்போதும் போலத்தான் இருந்தது. வெயில் ஏறியது. காதுக்குள் இரைச்சலும், வெளியே அலையும் ஒன்றாகக் கலந்து, எது எது என்று பிரிக்க முடியவில்லை. வெகுநேரம் கழித்துப் படகு திரும்பி வந்தது.

அவர் மற்றவர்களோடு முழங்கால் தண்ணீரில் குதித்து இறங்கினார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். ஈரத் தலையும் நிமிர்ந்த நெஞ்சுமாக, பத்து வயது குறைந்தவரைப் போல நடந்து வந்தார். அப்படி ஒரு சிரிப்பு அவர் முகத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அப்போது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நடையைக் கொஞ்சம் குறைத்தார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் பக்கத்தில் வந்து சேர்ந்தபோது அந்தச் சிரிப்பு அங்கே இல்லை, கடைக்குப் போய்விட்டு வருகிறவரின் முகம்தான் இருந்தது.

"வெயில்ல உக்காந்துட்டியா இவ்ளோ நேரம்? பசிக்குதா?" என்றார்.

"பசிக்குது" என்றேன்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என் வலது பக்கமாக வந்து நடந்தார்.